ஊதாத் துணி சுற்றிய கைத்தடி

டீச்சர் ஏன் கைத்தடி இல்லாமல் நடந்தார் என்று தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? வேலைக்கு வந்த பிள்ளைகள் வேலையைக் கேட்க வேண்டும். படுத்திருப்பவரை எப்படிப் புரட்டுவது, பல் இல்லாதவருக்குச் சோறு எப்படிக் குழைப்பது என்று கேட்டால் சொல்வேன். அதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்களாம். சேட்டிபிகட்டைக் கூட லெமினேட் பண்ணி வைத்திருக்கிறீர்களாம். அப்புறம் எதற்கு அடுத்த வீட்டுக் கதை? வம்பு கேட்க ஆசையாக இருந்தால் வம்பு என்றே சொல்லுங்கள். "அனுபவம் சொல்லுங்கம்மா" என்று அதற்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம்.

சரி, உட்காருங்கள். கதவைச் சாத்தாதீர்கள். சாத்தினால் வெளியே நிற்கிறவர்கள் பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டு காதை ஒட்டுவார்கள்.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்காரி, வரிசை வீட்டில் பிறந்தவள். பள்ளிக்கூடம் போனேன், ஆனால் மழை பெய்கிற நாளில் போகவில்லை. ஹந்தானையில் மழை பெய்யாத நாள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அதனால் என் படிப்பு என்ன என்று யாரும் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. கொழுந்து பறித்தேன், கண்டி டவுனுக்கு இறங்கினேன், வயதானவர்களோடு அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தேன். இப்போது என் இடுப்பு எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டது.

டீச்சர் என்றால் திரேசா டீச்சர். ஹந்தானைக்கு ஏறுகிற ரோட்டில் வீடு. ரோட்டிலிருந்து படி ஏறி, மூச்சு வாங்கி, மறுபடியும் படி ஏறினால் வாசல் வரும். கண்டியில் பாதி வீடுகளுக்கு வாசல் மேகத்தில்தான் இருக்கிறது. டீச்சர் வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர். புருஷன் காலமாகிவிட்டார். ஒரே மகன் ஸ்டீபன் கொழும்பில் வேலை. அந்த ரோட்டில் இருக்கும் பொம்பளைகளில் பாதிப் பேர் டீச்சரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் படிக்காமலே பயந்தவர்கள்.

அந்த வருஷம் தபசு காலம் தொடங்கிய கையோடு டீச்சர் விழ ஆரம்பித்தார். ஈஸ்டருக்கு முன்னால் வேதக்காரர் உபவாசமும் ஜெபமுமாக இருப்பார்களே, அந்தக் காலம். முதலில் குசினி வாசலில் தடுமாறினார். அப்புறம் விறாந்தையில் கதிரையைப் பிடிக்கப் போய்க் கதிரையோடு சேர்ந்து சாய்ந்தார். கதிரைக்குத்தான் கால் உடைந்தது.

நான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். தரை விரிப்புகளைச் சுருட்டி எடுத்தேன். வழுக்குகிற செருப்பை மாற்றினேன். பாத்ரூமில் கைப்பிடி அடிக்க ஆள் கூப்பிட்டேன். பிரஷர் குளிசை கூடிவிட்டதோ என்று டொக்டரிடம் காட்டினேன். அவர் அளந்து பார்த்து எல்லாம் சரி என்றார்.

கைத்தடியை மட்டும் காணவில்லை.

"டீச்சர், தடி எங்க?" என்றேன்.

"இருக்க வேண்டிய இடத்துல இருக்கு."

"அது எந்த இடம்?"

"பாக்கியம், உன் அடுப்புல ஏதோ கருகுது."

எதுவும் கருகவில்லை. நான் குரங்கைச் சந்தேகப்பட்டேன். எங்கள் பக்கம் காணாமல் போகிற எல்லாவற்றுக்கும் குரங்குதான் பொறுப்பு. பழைய குடை ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். அதையும் சுவரில் சாத்தி வைத்துவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். சரி, கிழவிக்கு வீம்பு, தடி பிடித்தால் வயசாகிவிட்டது என்று ஊர் நினைக்கும் என்று பயம், பள்ளத்தில் வீசியிருப்பார் என்று முடிவு கட்டினேன். நீங்களும் இப்படித்தான் முடிவு கட்டுவீர்கள். வயதானவர் ஒன்றைச் செய்ய மாட்டேன் என்றால் நமக்கு உடனே வீம்பு என்ற சொல் வந்துவிடுகிறது. நம்முடையது என்றால் அதற்குப் பெயர் கொள்கை.

கதிரை உடைந்த கதை ஸ்டீபன் தம்பிக்குப் போனது. நான்தான் போனில் சொன்னேன்.

"பாக்கியம்மா, சனிக்கிழமை நான் வாறேன்," என்றார். "அதுக்குள்ள இன்னொரு தரம் விழுந்தாங்கன்னா வீட்டைப் பூட்டிட்டு அம்மாவக் கூட்டிட்டுப் போயிருவேன். சிஸ்டர்மார் நடத்துற முதியோர் இல்லம் ஒண்ணுல இடம் கேட்டு வச்சிருக்கேன். நல்ல இடம்."

நல்ல இடம்தான். கெட்ட மகன் என்றும் சொல்ல முடியாது. கொழும்பில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் அம்மாவின் இடுப்பு எலும்பு உடைந்துவிட்டதோ என்று பயப்படுகிற மனுஷன் அவர். ஆனால் டீச்சருக்கு அந்த இல்லம் என்றால் ஆகாது.

"அங்க பெரிய சிஸ்டரா இருக்கிறவ என்கிட்ட படிச்சவ," என்றார். "வாய்ப்பாடு தெரியாம வந்ததுக்கு வெயில்ல நிப்பாட்டி வச்சேன். இப்ப நான் போய் அவகிட்ட கஞ்சி கேக்கணுமா?"

"அவங்க மறந்திருப்பாங்க டீச்சர்."

"நான் மறக்கல்லயே."

அதோடு இந்த வீட்டை விட்டால் தன் கட்டில் இல்லை, தன் ஜன்னல் இல்லை, காலையில் பனி விலகும்போது எதிர் மலை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதைப் பார்க்க முடியாது. அதை அவர் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலில் சிலுவைப் பாதை ஜெபம். நல்ல மழை. டீச்சர் முக்காடு எடுக்க அலுமாரியைத் திறக்கப் போனார். நான் த்ரீவீல்காரனுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தேன். அறையில் தொம் என்று ஒரு சத்தம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். எனக்கு வேலை பழக்கியவர் ஒரு மிஸ்ஸி. பெரிய ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு எடுத்தவர். பெயர் சொன்னால் கோபிப்பார். அவர் சொல்வார்: "விழுந்தவங்கள ஓடிப்போய் தூக்காத. நீ தூக்குற தூக்குல உடையாத எலும்பும் உடைஞ்சிரும். முதல்ல நீயும் தரையில உக்காரு. அவங்க எங்க இருந்து பாக்கிறாங்களோ அங்க இருந்து பாரு." உங்கள் பயிற்சியில் தரையில் உட்காரச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏப்ரன் அழுக்காகிவிடும்.

நான் டீச்சருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கால் அசைகிறதா, இடுப்பு வலிக்கிறதா, தலையில் பட்டதா என்று பார்த்தேன். முழங்கையில் தோல் கொஞ்சம் உரிந்திருந்தது, வேறொன்றும் இல்லை. இரண்டு கிழவிகளும் அலுமாரியில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினோம்.

அப்போதுதான் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். சுவரோரம் நீளமாக ஒன்று படுத்திருந்தது. ஊதாத் துணியில் தலையிலிருந்து கால் வரை சுற்றி, நூலால் கட்டி. தபசு காலத்தில் வேதக்காரர் சுரூபங்களையும் சிலுவையையும் ஊதாத் துணியால் மூடி வைப்பார்கள். டீச்சர் வீட்டிலும் சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபச் சிலுவைக்கு அதே துணிதான்.

"டீச்சர், கட்டிலுக்கு அடியில யாரு, அந்தோனியாரா?"

"சும்மா இரு பாக்கியம்."

"அந்தோனியார் இவ்வளவு ஒல்லியா இருக்க மாட்டாரே."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. சுவரைப் பார்த்தே சொன்னார்: "ஒறுத்தல்."

எனக்குத் தெரியும். தபசு காலத்தில் ஒவ்வொருவரும் தனக்கு விருப்பமான ஒன்றைக் கடவுளுக்காக விட்டுவிடுவார்கள். சத்தம் போடாமல் விட வேண்டும். வெளியே சொல்லிக்கொண்டு விட்டால் அது ஒறுத்தல் இல்லை, விளம்பரம்.

"தடியையா டீச்சர் விட்டீங்க?"

"வேற என்ன இருக்கு விடுறதுக்கு?" என்றார். குரல் உயரவே இல்லை. வகுப்பில் வரவு கூப்பிடுகிற மாதிரி சொல்லிக்கொண்டு போனார். "எல்லாரும் இறைச்சிய விடுவாங்க. எனக்கு இறைச்சிய டொக்டர் எடுத்திட்டார். சீனியையும் எடுத்திட்டார். கருவாடு எவ்வளவு ஆசை எனக்கு, அதையும் எடுத்திட்டார். தோட்டத்துக்கு இறங்குறத மகன் எடுத்திட்டான். அடுப்ப நீ எடுத்திட்ட. ஆண்டவருக்குக் குடுக்க என்கிட்ட என்ன மிச்சம் வச்சீங்க? அந்தத் தடி ஒண்ணுதான் சுகமா இருந்திச்சு. அதக் குடுத்தேன்."

சீனிப் போத்தலை எட்டாத தட்டில் தூக்கி வைத்தவள் நான். நல்லதுக்குத்தான் வைத்தேன். டொக்டரும் நல்லதுக்குத்தான் சொன்னார், மகனும் நல்லதுக்குத்தான் செய்தார். எல்லோரும் நல்லது செய்து செய்து அந்த மனுஷிக்கு விட்டுக் கொடுக்கக்கூட ஒன்றும் வைக்கவில்லை.

ஆனால் மறுநாள் சனிக்கிழமை.

"நீங்க விழுந்ததத் தம்பிகிட்ட சொல்லுவேன் டீச்சர்," என்றேன்.

பிள்ளைகளே, இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். விழுந்ததை மறைக்காதீர்கள். கெஞ்சினாலும் மறைக்காதீர்கள். ஒரு தடவை மறைத்தால் அடுத்த தடவை நீங்கள் சொல்வதை யாரும் நம்ப வேண்டியதில்லை.

"சொல்லு," என்றார் டீச்சர். "ஆனா ஏன் விழுந்தேன்னு சொல்லாத."

"அது உங்க சாமான். நான் தொட மாட்டேன்."

"காரணம் தெரியாட்டி அவன் என்னைக் கூட்டிட்டுப் போயிருவான்."

"போயிருவார்."

"காரணத்த சொன்னா ஒறுத்தல் போயிரும்."

"அதுவும் போயிரும்."

"நீ என்ன மனுஷி. ஒரு வழி சொல்றியா பார்."

"நான் சைவக்காரி டீச்சர். உங்க சட்டம் எனக்குத் தெரியாது. எங்க தோட்டத்துல திருவிழாவுக்குக் காவடி எடுப்பாங்க. முதுகுல முள்ளு குத்தி, வேப்பிலைய கடிச்சிக்கிட்டு, மேட்டுல இருந்து கோயில் வரைக்கும் வருவாங்க. அவங்க ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் பிடிச்சிக்கிட்டே வருவாங்க. பிடிச்சதுனால நேர்த்திக்கடன் குறைஞ்சிருச்சுன்னு எங்க சாமி இதுவரைக்கும் ஒருத்தரையும் திருப்பி அனுப்பல்ல."

"என்னை யாரும் பிடிக்க வேண்டாம்."

"ஏன்?"

"எனக்கு ஆகாது. ஸ்டீபனோட அப்பா செத்த அன்னைக்குக் கூட மயானத்துக்கு நான் தனியாத்தான் நடந்தேன். ஒருத்தர் கையிலயும் தொங்கல்ல."

"ஆகாததுதானே ஒறுத்தல்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். கணக்கைச் சரியாகப் போட்ட பிள்ளை யாரைப் பார்த்து எழுதியது என்று யோசிக்கிற பார்வை.

"தடி சுகம் டீச்சர். அது துணியிலயே தூங்கட்டும், ஈஸ்டர் வரைக்கும் எழுப்ப வேண்டாம். அதுக்குப் பதிலா என் கை. அது ஒரு சுகமும் இல்ல."

"உன் கையில வெங்காய வாசம்."

"இன்னும் நல்லது."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கதிரையைக் கிட்ட இழுத்து, முட்டி போட வைத்து, மெதுவாக எழுப்பினேன். எழுந்ததும் கையை உதறுவார் என்று பார்த்தேன். உதறவில்லை. என் முழங்கைக்கு மேலே பிடித்த பிடியில் அடுத்த நாள் நீலம் பாரித்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையை வீட்டிலேயே, உட்கார்ந்தே சொன்னார்.

சனிக்கிழமை தம்பி வந்தார். அவர் சப்பாத்தைக் கழற்றும் முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன்: "நேத்து அம்மா விழுந்தாங்க. முழங்கையில தோல் உரிஞ்சிருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

அவர் நேரே அறைக்குப் போய் அலுமாரிக்கு மேலே இருந்த சூட்கேஸை இறக்கித் தூசி தட்டினார். டீச்சர் விறாந்தையில் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்திருந்தார்.

"தடி எங்க அம்மா? நான் வாங்கிக் குடுத்த தடி?"

டீச்சர் ஜெபமாலையில் அடுத்த மணியை உருட்டினார்.

"பாக்கியம்மா, உங்களுக்காவது தெரியுமா?"

"தெரியும் தம்பி. சொல்ல மாட்டேன்," என்றேன்.

அந்த நேரம் என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். தம்பியின் முகமும் அப்படித்தான் இருந்தது. பொய் சொல்லியிருந்தால் சுலபம். தெரியாது என்று ஒரு சொல். ஆனால் விழுந்ததை உண்மையாகச் சொன்ன வாயால் அடுத்ததைப் பொய்யாகச் சொன்னால் முதலில் சொன்னதும் கெட்டுவிடும். சொல்ல முடியாததை வீட்டாரிடம் சொல்ல மாட்டேன் என்றே சொல்லுங்கள். கோபம் வரும். கோபம் ஆறும்.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார். "பாக்கியம்."

நான் போய் நின்றேன். மகன் பார்த்துக்கொண்டிருக்க என் கையைப் பிடித்து எழுந்தார். விறாந்தையில் நடந்தோம். அப்புறம் படி. ஈரப் படி, பாசி வேறு. ஒவ்வொரு படியிலும் நான் முதலில் இறங்கி நிற்க, அவர் என் தோளைப் பிடித்து இறங்கினார். ரோடு வரை போனோம். எதிர் வீட்டு ஃபரீதா ஜன்னலில் நின்று பார்த்தார். டீச்சரின் காது சிவந்துவிட்டது. அந்த மனுஷிக்கு அது முள் குத்தினதை விட மோசம் என்று எனக்குத் தெரிந்தது. திரும்பவும் ஏறி வந்தோம்.

தம்பி மேல் படியில் நின்றுகொண்டிருந்தார். அம்மா ஒருவர் கையைப் பிடித்து நடந்து அவர் பார்த்ததே இல்லை.

"தடி?" என்றார் மறுபடியும். இந்தத் தடவை மெதுவாக.

"ஈஸ்டருக்குப் பிறகு," என்றார் டீச்சர்.

தம்பி சுவரைப் பார்த்தார். ஊதாத் துணி போட்ட சிலுவையைப் பார்த்தார். வேதக்கார வீட்டில் வளர்ந்த பிள்ளை, அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"சின்னதுல நான் தபசுக்கு டொஃபி விடுறேன்னு ரோடு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சப்ப, நீங்க என்னம்மா சொன்னீங்க?"

"வாய மூடிட்டு விடுன்னு சொன்னேன்."

"ம்," என்றார். சூட்கேஸை மறுபடியும் அலுமாரி மேலே தூக்கி வைத்தார். "ஈஸ்டர் வரைக்கும் பாப்போம். ஆனா ஒண்ணு. பாக்கியம்மா இல்லாம நீங்க எழும்பக் கூடாது."

அதற்காக டீச்சரின் பழைய பள்ளிக்கூடக் கைமணியைத் தேடி எடுத்துக் கட்டிலோரம் வைத்தார். எழும்ப நினைத்தால் அடிக்க வேண்டும். டீச்சர் அடித்தார். ஜன்னல் திறக்க அடித்தார், மூட அடித்தார், நான் உட்கார்ந்துவிட்டேனா என்று பார்க்க அடித்தார். அந்தத் தபசு காலத்தில் பெரிய ஒறுத்தல் செய்தது யார் என்று ஆண்டவருக்குத் தெரியும். நான் சைவக்காரி என்பதால் என் கணக்கில் எழுதினாரோ என்னவோ.

ஈஸ்டர் வந்தது. காலையில் துணியை அவிழ்த்துத் தடியை வெளியே எடுத்தார். விழவில்லை. இல்லத்தில் இடம் வேண்டாம் என்று தம்பியே போன் பண்ணிச் சொன்னார். அதற்குப் பிறகும் படி இறங்கும்போது ஒரு கையில் தடி இருக்கும், இன்னொரு கை என் கையில் இருக்கும். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த முறை டொக்டரிடம் போனபோது நான் அவரிடம் ஒன்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு சின்னத் துண்டு கருவாடு, உப்புப் போக ஊற வைத்து, கொடுக்கலாமா என்று. எதற்கு என்றார். "அடுத்த தபசுக்கு விடுறதுக்கு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், சின்னத் துண்டு என்றால் விரல் நகம் அளவு என்றார். என் நகமா உங்கள் நகமா என்று நான் கேட்கவில்லை. அடுத்த வருஷம் தபசு தொடங்குகிற விபூதிப் புதனன்று டீச்சர் கருவாட்டைத் தள்ளி வைத்தார், ராணி மாதிரி. தடி கதவோரம் அதன் இடத்திலேயே நின்றது.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் விரிப்பையும் செருப்பையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியே அந்த மனுஷரிடமிருந்து இதுவரை யார் யார் என்னென்ன எடுத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இன்னொன்றை எடுக்க வேண்டி வந்தால், வெறுங்கையோடு விட்டுவிடாதீர்கள்.

டீச்சர் பல வருஷம் கழித்து, தன் கட்டிலில், தன் ஜன்னலுக்குப் பக்கத்தில் கண்ணை மூடினார். அதனால்தான் இப்போது சொல்கிறேன். அவர் இருந்தவரைக்கும் இந்தக் கதை என் வாயிலிருந்து வரவில்லை. நம்ப மாட்டீர்கள். ரோட்டில் இருந்தவர்களும் நான் அவர்களுக்குச் சொன்ன கதையை நம்பவில்லை.

அந்த முதல் தபசில், தம்பி வந்து போன மறுநாள் ஞாயிறு பூசைக்கு நாங்கள் கைபிடித்து இறங்கும்போதே ஃபரீதா வாசலுக்கு வந்துவிட்டார். பின்னால் இன்னும் ரெண்டு வீட்டுக்காரர்கள்.

"என்ன பாக்கியம்மா, டீச்சருக்குச் சொகமில்லயா? ஒங்கட கையப் புடிச்சிக்கிட்டு வாராங்க?"

டீச்சரின் விரல்கள் என் கையில் இறுகின. அவர் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீச்சருக்கு ஒண்ணுமில்ல உம்மா," என்றேன். "எனக்குத்தான் முழங்கால் சரியில்ல. படியில விழுந்துருவேன்னு டீச்சர் என்னப் பிடிச்சு இறக்கி விடுறாங்க."